மதகுக்குப் பின்னால் ஒரு ஊறுகாய் டப்பா

எங்கள் பக்கம் எதைத் தேடினாலும் எண் பத்தில்தான் தொடங்கும். வரைபடத்தில் வடக்கே பத்து டிகிரி, கிழக்கே எழுபத்தொன்பது. தஞ்சாவூரானாலும் திருத்துறைப்பூண்டியானாலும் இதுதான். மாறுவதெல்லாம் புள்ளிக்குப் பின்னால் வருபவை. மாயவரம் போனால் பத்து பதினொன்றாகிவிடும். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவள் நான். ஆனாலும் இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் நாத்தனார்.

அவள் என் வீட்டுக்காரரின் தங்கை, என்னைவிட நாலு வயது இளையவள். அவளுடைய கணவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது நாலு வருஷம் அங்கே இருந்துவிட்டுத் திருத்துறைப்பூண்டிக்குத் திரும்பி வந்தாள். சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் தைலமும் சாக்லேட்டும் கொண்டுவருவார்கள். இவள் மஞ்சள் நிறத்தில் ஒரு ஜிபிஎஸ் கருவியைக் கொண்டுவந்தாள். சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, இரண்டு பென்சில் பேட்டரி போட வேண்டும்.

"யாரோ ஒருத்தங்க ஒரு டப்பாவை ஒளிச்சு வச்சிருப்பாங்க அண்ணி. அது எங்க இருக்குன்னு நெட்டுல நம்பர் போட்டிருப்பாங்க. நாம போய்க் கண்டுபிடிக்கணும். ஜியோகேச்சிங்னு பேரு."

"கண்டுபிடிச்சா?"

"உள்ள ஒரு நோட்டு இருக்கும். பேரை எழுதிட்டு, இருந்த எடத்துலயே வச்சிட்டு வந்துடணும்."

"அவ்வளவுதானா? ஒண்ணும் கெடைக்காதா?"

"ஒண்ணும் கெடைக்காது."

வேலையற்ற வேலை என்று சிரித்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு முன்னால் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றது நான்தான்.

அப்போது வீட்டில் இன்டர்நெட் ஏது? பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. பிளைவுட் தடுப்புக்குள் இரண்டு பேர் முட்டிக்கொண்டு உட்காரலாம். கீபோர்டில் பாதி எழுத்து தேய்ந்துபோயிருக்கும். பக்கம் திறப்பதற்குள் இருவரும் ஊர்க்கதை முழுவதையும் பேசி முடித்துவிடுவோம். கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் "ரிசல்ட்டா மேடம்?" என்பார். ஆமாம் என்று சொல்லிவிடுவோம். வயதான இரண்டு பொம்பளைகள் யாரோ ஒளித்துவைத்த டப்பாவைத் தேடுகிறோம் என்று அவரிடம் எந்த முகத்தோடு சொல்வது? எண்களைப் பிரிண்ட் எடுக்கும்போது பார்த்துத்தான் கரண்ட் போகும். பாதி அச்சான தாளைக் கையில் வைத்துக்கொண்டு, மீதி எண்ணை நினைவிலிருந்து உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு இறங்கியிருக்கிறோம்.

அந்த மெதுவான நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. ஒரு டப்பாவுக்காக ஒரு வாரம் காத்திருந்தோம். இன்று வயல் நடுவில் நின்று எந்தப் படத்தையும் பார்க்கலாம், பார்த்த மறு நிமிஷம் மறந்தும்போகிறது.

மஞ்சள் கருவிக்கு வானம் தெரிய வேண்டும். வரப்பில் நின்றால் மூன்று மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். தென்னந்தோப்புக்குள் போனால் அதற்குத் தலை சுற்றிவிடும்; முப்பது மீட்டர் அந்தப்பக்கம் என்னும், இந்தப்பக்கம் என்னும். நாத்தனார் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடப்பாள். பின்னால் நான் தண்ணீர்ப் பாட்டிலும் குடையுமாகப் போவேன்.

ஒருமுறை நாகப்பட்டினம் சாலையோரம் அப்படி நடந்தபோது நாலைந்து பேர் நடவை விட்டுவிட்டு ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். "எந்த ஆபீசுங்க நீங்க? குழாய் போட அளக்க வந்திருக்கீங்களா?" என்று ஒருவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார். எங்கள் பக்கம் கையில் கருவியோடு வயலில் இறங்குகிறவன் யாராக இருந்தாலும் எரிவாயுக் குழாய்க்காரன்தான். நான் குடையை மடக்கிக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்தேன். நாத்தனார் பதறவில்லை. அடிபம்புக்குப் பின்னாலிருந்து அந்த டப்பாவைத் தேடி எடுத்து, திறந்து, நோட்டைக் காட்டினாள். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "எங்க ஊருக்கு வந்திருக்கீங்க, எங்க பேரு வேணாமா?" என்று பென்சிலை வாங்கினார். ஐந்து பேரும் பெயர் எழுதினார்கள். கடைசியில் எங்களுக்கு எழுதத்தான் இடமில்லை.

மொத்த டெல்டாவிலும் அப்போது அப்படி ஏழெட்டு டப்பாக்கள் இருந்தால் அதிகம். எல்லாம் சுற்றுலா வந்தவர்கள் வைத்துவிட்டுப் போனவை. தேடி முடித்ததும் கை பரபரத்தது. நாமே ஒன்று வைப்போம் என்று முடிவு செய்தோம். எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரிகிற பாசன வாய்க்கால் மதகுக்குப் பின்னால், செங்கல் பெயர்ந்த ஒரு பொந்து இருந்தது. தண்ணீர் எவ்வளவு ஏறும் என்பது எனக்குத் தெரியும். அதற்கு இரண்டடி மேலே.

நல்ல டப்பாவாக இருக்க வேண்டுமே என்று நான் எவர்சில்வர் சம்படத்தைக் கொடுத்தேன். மூன்றாம் நாள் காலையில் வயலாள் வாசலில் வந்து நின்றார். "அம்மா, உங்க சம்படம் மதகுல கெடந்துச்சு. யாரோ திருடிட்டுப் போயி ஒளிச்சு வச்சிருக்கானுங்க." திரும்பவும் வைத்தோம். அடுத்த வாரம் கறவைக்காரம்மா கொண்டுவந்து கொடுத்தார். மூன்றாவது தடவை திரும்பி வந்தபோதுதான் நாத்தனார் அதைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் என் மாமனாரின் பெயர் முழுசாக வெட்டியிருந்தது. பாத்திரக் கடையில் பெயர் வெட்டாமல் எந்தப் பாத்திரத்தை வாங்கியிருக்கிறோம்? அன்று அவள் சிரித்த சிரிப்பு மாட்டுக்கொட்டகை வரைக்கும் கேட்டிருக்கும். பிறகு ஒரு பிளாஸ்டிக் ஊறுகாய் டப்பாவைக் கழுவிக் காயவைத்து, நோட்டையும் பென்சிலையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்தோம். இணையதளத்தில் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே கணக்கு, ஒரே மெயில். அதற்கு அவளுடைய போன் நம்பரைக் கொடுத்திருந்தோம்.

இனிச் சொல்லப்போவது எனக்குப் பெருமை சேர்ப்பதல்ல.

என் வீட்டுக்காரருக்கு அறுபது நிறைந்தபோது திருக்கடையூரில் கல்யாணம் வைத்தோம். முதல் நாளே போய் எல்லாரும் லாட்ஜில் தங்கினோம். அறுபதிலும் தாலி கட்டுவது உண்டு. முதல் முடிச்சு அவர் போடுவார். அடுத்த இரண்டும் நாத்தனார் முடிச்சு. அது அவளுடைய உரிமை. முதல் கல்யாணத்தில் பாவாடை தாவணியில் வந்து போட்டவள் அவள்தான்.

அன்று விடியற்காலையில் அவள் எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது என் போனில் மணி அடித்தது. தரங்கம்பாடியில் புதிதாக ஒரு டப்பா வைத்திருக்கிறார்கள், இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று செய்தி. புது டப்பாவின் நோட்டில் முதல் பெயர் எழுதுவது எங்கள் ஆட்களுக்குப் பெரிய கௌரவம். எங்களுக்கு அது ஒருமுறைகூட வாய்த்ததில்லை. தரங்கம்பாடி பக்கத்தில்தான் இருக்கிறது. முகூர்த்தத்துக்கு மூன்று மணி நேரம் இருந்தது.

போனவள் திரும்பவில்லை. போன் போட்டால் அணைந்திருந்தது. முகூர்த்தம் கடந்துகொண்டிருந்தது. ஐயர் மூன்று தடவை நிமிர்ந்து பார்த்தார். கடைசியில் என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகள் வந்து இரண்டு முடிச்சையும் போட்டாள். பந்தியில் இலை போட்டபோது நாத்தனார் வந்து நின்றாள். பட்டுப்புடவையின் கரை முள்ளில் கிழிந்து, காலெல்லாம் மணல். டப்பா தேடிய தேடலில் போன் பேட்டரி தீர்ந்து, திரும்பும் வழியில் ஆட்டோ பஞ்சர். "அண்ணி" என்று ஆரம்பித்தாள். நான் விடவில்லை.

"டப்பாதான் பெருசுன்னா அங்கேயே இருந்திருக்க வேண்டியதுதானே! அண்ணன் கல்யாணத்தைவிட உனக்கு அதுதானே முக்கியம்?"

மொத்தப் பந்தியும் கேட்டது. அவள் சாப்பிடாமல், பையை எடுத்துக்கொண்டு போனாள்.

இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். அவளைப் போகச் சொன்னதே நான்தான். "வேணாம் அண்ணி, நேரமாயிடும்" என்றவளை, "வேற யாராச்சும் முந்திடுவாங்கடி, ஓடிட்டு வந்துடு" என்று முதுகில் தட்டி அனுப்பியவள் நான். பந்தியில் ஒரே ஒரு வாக்கியத்தில் அவள் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அதுவே எனக்கு அவள்மேல் இன்னும் கோபத்தைக் கிளப்பியது என்றால் யார் நம்புவார்கள்?

ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. அவள் சென்னைக்கு மகன் வீட்டோடு போய்விட்டாள். அண்ணனோடு போனில் பேசுவாள். அப்போது நான் அடுக்களைக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டுவேன். டப்பா பக்கம் நான் எட்டிப் பார்க்கவில்லை. பிரவுசிங் சென்டர் இருந்த மாடியில் இப்போது பல் டாக்டர் இருக்கிறார்.

இந்த வைகாசியில் பெங்களூரிலிருந்து காரில் ஒரு கணவன் மனைவி வந்தார்கள். மதகடியில் ஒரு மணி நேரம் தேடிவிட்டு, தண்ணீர் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அந்தப் பெண் போனில் எங்கள் டப்பாவின் பக்கத்தைக் காட்டினாள். இதற்கு முன்னால் வந்தவர்களுக்கும் கிடைக்கவில்லையாம். தளத்துக்காரர்கள் கீழே எழுதியிருந்தார்கள்: வைத்தவர்கள் போய்ப் பார்த்து மாதக் கடைசிக்குள் பதில் போடாவிட்டால் வரைபடத்திலிருந்து எடுத்துவிடுவோம். இன்னும் நாலு நாள் இருந்தது.

அவர்கள் போனபிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எனக்கும் அவளுக்கும் நடுவில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் அப்புறம் எதை வைத்து அவளைக் கூப்பிடுவேன்?

மண்வெட்டியோடு போனேன். மேட்டூர் திறப்பதற்கு முன்னால் வாய்க்காலைத் தூர்வாரியிருந்தார்கள். பொக்லைன்காரர் வாரிய சேற்றை மதகின்மேல் கொட்டியிருந்தார். அது கல்லாகக் காய்ந்துகிடந்தது. மூட்டு வலியோடு அரைமணி நேரம் வெட்டினேன். பொந்து தெரிந்தது, பச்சை மூடியும் தெரிந்தது. அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

நோட்டு காய்ந்தே இருந்தது. புதுப் பையில், புதுப் பென்சிலோடு. நான் வாங்கி வைத்த பையும் இல்லை, பென்சிலும் இல்லை. புரட்டினேன். வெளியூர்ப் பெயர்களுக்கு நடுவே நடுவே அந்தக் குண்டுக் கையெழுத்து.

"சித்திரை. குலதெய்வத்துக்கு வந்தேன். டப்பாவில் ஈரம். பை மாற்றினேன். அண்ணி மாடியில் வத்தல் காயப்போடுகிறார்கள்."

"சித்திரை. பென்சில் புதிது. அண்ணி மாடியில் இல்லை. கொடியில் பச்சைப் புடவை காய்கிறது. ஊரில்தான் இருக்கிறார்கள்."

"சித்திரை. அண்ணி தலைக்கு டை அடிப்பதை விட்டுவிட்டார்கள். நன்றாகத்தான் இருக்கிறது."

ஒன்பது சித்திரையில் ஆறு தடவை வந்திருக்கிறாள். வீட்டுக்கு வரவில்லை, டப்பாவுக்கு வந்துவிட்டு, என்னைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். அந்தச் சேற்றுக் கட்டியின் மேலேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கமாக இருந்தது. என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

பதில் போட வேண்டும். கணக்கைத் திறந்தால் பாஸ்வேர்ட் கேட்டது, மறந்துவிட்டது. மாற்றுவதற்கு எங்கள் பழைய மெயிலுக்குள் போக வேண்டும், அதன் பாஸ்வேர்டும் மறந்துவிட்டது. மறந்துவிட்டேன் என்று அமுக்கினேன். நாங்கள் கொடுத்திருந்த நம்பருக்கு ஓடிபி அனுப்பிவிட்டதாகச் சொன்னது. அது அவளுடைய நம்பர். போனைக் கையில் வைத்துக்கொண்டு, அமுக்கியிருக்க வேண்டாமோ என்று யோசிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

"அண்ணி?" பழைய குரல்தான். "ஒரு ஓடிபி வந்திருக்கு. நீங்களா?"

"நான்தான். மதகடியில நிக்கிறேன்."

"டப்பா இருக்கா?"

"இருக்கு. நோட்டும் இருக்கு. படிச்சேன்."

"தளத்துக்காரங்க எழுதுனதைப் பாத்தேன் அண்ணி," என்றாள். "போய்ப் பாருங்கன்னு உங்களை எப்படிக் கேக்குறதுன்னு தெரியல."

"அன்னிக்கு உன்னைப் போகச் சொன்னது நான்தாண்டி," என்றேன். "அத்தனை பேருக்கு முன்னாடி உன்னைப் போய்..."

"அது எனக்குத் தெரியாதா அண்ணி? ஓடிபி பத்து நிமிஷம்தான் இருக்கும். மொதல்ல அதை அடிங்க."

ஆறு எண்ணையும் சொன்னாள். கண் மறைத்ததில் நாலாவதைத் தப்பாக அடித்தேன். மறுபடி அனுப்பச் சொன்னேன், மறுபடி வாசித்தாள். "கணக்கு டீச்சர்" என்று நடுவில் ஒரு குத்தல். டப்பா பத்திரமாக இருக்கிறது என்று எழுதி அனுப்பினேன். அப்புறமும் இருவரும் போனை வைக்கவில்லை.

"தையில உங்க அண்ணனுக்கு எழுபது," என்றேன். "திருக்கடையூர்லதான். மறுபடியும் தாலி கட்டுறாங்க. நீ வந்துதான் முடிச்சுப் போடணும்."

"அன்னிக்குக் காலையில புது டப்பா வந்துச்சுன்னா?"

"நீ முடிச்சைப் போட்டதும், ரெண்டு பேரும் மாலையோட சேந்தே போவோம்," என்றேன்.