கூறை எடுக்கப் போன இருவர்

எந்த விண்ணப்பத்துக்கு எத்தனை பிரதி, எந்தக் கந்தோரில் யாருடைய கையெழுத்து என்று தீவுப்பகுதிக்கே சொல்லிக்கொடுத்தவன் நான். கச்சேரி எழுதுவினைஞர் வேலையிலிருந்து இளைப்பாறும் வரை, என்னைக் கேளாமல் எங்கள் ஊர் மடத்துவெளியில் ஒருவரும் வேலியை நகர்த்தியதில்லை. கேட்டபின் நகர்த்தினார்கள்.

அவள் பக்கத்து ஊர், இறுப்பிட்டிக்காரி. என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள், பிறகு ஆசிரியை. அவளுடைய கணவர் தெற்கே கடை வைத்திருந்து அங்கேயே காலமானார். என் மனைவியும் காய்ச்சலில் போனபின், சனிக்கிழமைகளில் அவள் வீட்டுக்குப் போய்வருவேன். குசினி வாசலில் எனக்கென்று ஒரு பலகைக்கட்டை கிடந்தது. அவள் தேங்காய் துருவுவாள். நான் அரசாங்கத்தைத் திட்டுவேன். "உம்மடை கந்தோர்தானே, நீரே திருத்துமன்" என்பாள். அதற்கு மேல் ஒன்றுமில்லை என்று ஊர் நம்பியது. நாங்களும் நம்பினோம்.

எழுபதுகளின் கடைசியில் என் மகனும் அவளுடைய மகளும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். சாதகம் பொருந்தியது. தாலிக்குப் பொன்னுருக்கவும் நாள் வைத்தாயிற்று. மணமகளுக்கான கூறைச் சேலையை மாப்பிள்ளை வீட்டார்தான் எடுக்க வேண்டும். அதையும் ஒரு சுமங்கலி பார்த்து எடுக்க வேண்டும். என் தங்கைக்கோ கால் வீக்கம்.

"நான் வாறன். படிச்ச ஆக்கள் நாங்கள், உதெல்லாம் பாக்கிறதே?" என்றாள் அவள். எனக்கும் நியாயமாகவே பட்டது.

யாழ்ப்பாணத்துக் கடையில் விற்பனையாளர் செந்நிறக் கூறையொன்றை உதறினார். அவள் தடுக்குமுன் அவளுடைய தோளிலேயே போட்டுவிட்டார். "இப்பிடித்தான் அக்கா விழும். அண்ணை, நீங்கள் சொல்லுங்கோவன்."

கணவர் போனது முதல் வெளிறிய நூல்சேலை தவிர வேறொன்றும் உடுத்தாதவள். அவள் கண்ணாடியைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்ணாடிக்குள் பார்த்தாள். அந்தக் கூறையையே கட்டித் தரச் சொன்னோம். பேரம் பேச இருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

திரும்பி வரும்போது சாட்டிக் கடற்கரையில் பஸ் சில்லுக்குக் காற்றுப் போய்விட்டது. சனமெல்லாம் கிணற்றடிக்குப் போக, நாங்கள் கடலைப் பார்த்தபடி மரநிழலில் இருந்தோம். பார்சல் அவள் மடியில்.

"என்ன, நாக்கைக் கடையிலை விட்டிட்டு வந்தனீரோ?"

"ஒண்டை யோசிச்சனான். கலியாணச் சட்டத்திலை ஆர் ஆரைக் கட்டப்படாது எண்டு ஒரு வரிசை இருக்கு. சம்பந்தி அதிலை இல்லை."

அவள் சிரிக்கவில்லை.

"எனக்கும் கடையிலைதான் விளங்கினது" என்றாள். "ஆனா நாங்கள் கட்டினால் பிள்ளையளை அண்ணன் தங்கச்சி எண்டு ஊர் சொல்லும். ஒண்டில் அதுகள், இல்லாட்டி நாங்கள். ரெண்டும் ஏலாது. நீர் சொல்லும்."

எல்லாவற்றுக்கும் ஒரு மேன்முறையீடு உண்டு என்று மற்றவர்களுக்குச் சொல்லித் திரிந்த நான், பஸ்ஸுக்குச் சில்லு மாற்றி முடிந்ததா என்று எட்டிப் பார்த்தேன்.

பஸ் ஆயத்தம் என்று கூப்பிட்டார்கள். அவள் எழும்பி, பார்சலை என் கையில் தந்தாள். "இதை நீர் கொண்டுபோம். மாப்பிள்ளை வீட்டாரின்ரை சாமான்."

கலியாணத்தன்று தாரை வார்க்கத் தம்பதிகள்தான் வேண்டும். அவள் பக்கத்துக்கு அவளுடைய தம்பியும் மனைவியும், என் பக்கத்துக்குத் தங்கையும் கணவரும் மணவறைக்குப் போனார்கள். பெற்றவர்களிடம் ஐயர் மரியாதையாகச் சொன்னார்: "நீங்கள் ரெண்டு பேரும் கொஞ்சம் பின்னாலை நில்லுங்கோ."

எங்கள் ஊர்க் கலியாணங்களில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அவளுக்குப் பக்கத்தில் நான் நின்ற கலியாணம் அது ஒன்றுதான். கெட்டிமேளம் முழங்க, எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் எறிந்த அறுகரிசியில் பாதி மணவறைக்குப் போய்ச் சேரவில்லை. அவள் தலையிலும் என் தோளிலும் விழுந்தது.

"இது எங்களுக்கு எறிஞ்சதில்லை" என்றாள் மெதுவாக. ஆனால் தட்டிவிடவில்லை.

மகன் இப்போது அவர்கள் வீட்டில்தான் இருக்கிறான். சனிக்கிழமைகளில் பார்க்கப் போவேன். சம்பந்தி என்பதால் முன்விறாந்தையில் துணி விரித்த கதிரை, தட்டத்தில் தேத்தண்ணி. மருமகள் கொண்டுவந்து தருவாள். உள்ளே, குசினியில், தேங்காய் துருவும் சத்தம் கேட்கும்.

நான் அரசாங்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.