புத்தூர் பஸ் ஸ்டாண்டில் என் ரவிக்கை

புத்தூரில் திருப்பதி வண்டிக்காகக் காத்திருக்கிறேன். ஏழாவதோடு படிப்பை விட்டவள் நான். கார்வேட்டிநகரத்தில் மூன்று மாதம் தையல் பயிற்சி எடுத்தேன். நானே தைத்த ரவிக்கையை இன்று திருப்பதியில் ஒரு தையல் கூடத்தில் காட்ட வேண்டும். சரியாக இருந்தால்தான் வேலை. நாலாவது முறையாகப் பையிலிருந்து எடுத்துப் பார்க்கிறேன்.

பக்கத்தில் பூ கட்டும் அக்கா அதை வாங்கித் தன் தோளில் வைத்துப் பார்த்துச் சிரிக்கிறார்.

“இன்னாம்மா, வலது கைய இடதுல வெச்சித் தச்சிக்கினு வந்துகீற? கைய தூக்குனா பிடிக்குமே!”

ரவிக்கைக் கையில் முன்பக்கம் வர வேண்டிய ஆழமான வளைவு முதுகுப் பக்கம் நிற்கிறது. வண்டியும் வந்துவிட்டது.

“இப்ப இன்னாக்கா செய்றது?”

“வண்டில போவச்சொல்ல ரெண்டு கையையும் பிரிச்சிடு. தையல் கூடத்துல மிஷினுக்கா பஞ்சம்? அவங்க எதிர்லயே தச்சிக் குடு.”

நூல் அறுக்கும் பிளேடை என் கையில் வைக்கிறார்.

ஜன்னலோரம் உட்கார்ந்து பிரிக்கிறேன். வண்டி குலுங்கும்போதெல்லாம் பிளேடை எடுத்துவிடுகிறேன். துணி கிழிந்தால் எல்லாம் போச்சு. வடமாலப்பேட்டை தாண்டும்போது மடியில் கையில்லாத ரவிக்கை கிடக்கிறது, இரண்டு கைகளும் தனியாக.

“மேடம், அரை மணி நேரம் ஒரு மிஷின் குடுங்க.” வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன்.