அப்பா செய்த உயரமான கட்டில்

வெள்ளம் வடிந்து நாங்கள் வீட்டுக்குள் போனபோது, எங்கள் கட்டில் டீயில் ஊறிய பிஸ்கட் மாதிரி ஆகியிருந்தது. தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் வீடு கட்டிக் குடிவந்த புதிதில், கண்ணாடி போட்ட பெரிய கடை ஒன்றில் அப்பா ஆசைப்பட்டு வாங்கிய கட்டில் அது. தலைமாட்டைத் தொட்டுப் பார்த்தார். விரல் உள்ளே போய்விட்டது.

"மரம்னுல்ல நெனச்சேன்" என்றார். "வெறும் தூளை ஒட்டி வச்சிருக்கான்."

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. தம்பிக்கு இன்னும் தலை நிற்கவில்லை. தண்ணீர் தெருவுக்குள் வந்த அந்த விடியற்காலையில் வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். கிண்டியில் அலுவலகத்துக்குப் போன அப்பா, ரயில் ஓடாததால் முந்தின நாளே அங்கே மாட்டிக்கொண்டார். அம்மா என்னைச் சமையல் மேடைமேல் உட்காரவைத்து, தம்பியை என் மடியில் கிடத்திவிட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி அப்பாவுக்குப் போன் செய்துகொண்டே இருந்தாள். பிறகு போனும் அணைந்துவிட்டது. வெளிச்சம் வந்ததும் எதிர்வீட்டுக்காரர்கள் கயிறு கட்டி எங்களைத் தங்கள் மொட்டைமாடிக்கு ஏற்றினார்கள். அப்பா தண்டவாளத்தின் மேலேயே நடந்து தாம்பரம் வந்து, வெள்ளத்தில் மீட்டவர்களைத் தங்கவைத்திருந்த கல்யாண மண்டபங்களை ஒவ்வொன்றாகத் தேடி, மறுநாள் எங்களைக் கண்டுபிடித்தார். அம்மா அழவும் இல்லை, திட்டவும் இல்லை. தம்பியின் ஈரத்துணிகள் இருந்த பையை அவர் கையில் கொடுத்தாள், அவ்வளவுதான்.

அங்கிருந்து அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு கோவிலம்பாக்கத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்றாவது மாடி. என் பள்ளிக்கூடம் முடிச்சூர்ப் பக்கம் என்பதால், முழுப்பரீட்சை முடியும்வரை நான் அப்பாவோடு இருப்பதாக ஏற்பாடு. பரீட்சை முடிந்ததும் அம்மா வந்துவிடுவாள் என்று அப்பா சொன்னார். அப்படி ஒரு வார்த்தையை அம்மா சொல்லி நான் கேட்டதில்லை.

சாயங்காலம் பள்ளி விட்டு வந்தால் தெருவில் பாதி வீடுகள் பூட்டியே கிடக்கும். என்னோடு விளையாடுகிற பிள்ளைகள் எல்லாம் எங்கெங்கோ சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கதவைத் திறந்தால் சேற்று வாடை வரும். கட்டில் இருந்த அறையில் வெறும் தரை. அப்பா வருகிறவரை நான் வாசற்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். உள்ளே என் குரலே எதிரொலிக்கும் என்பதால் சத்தமாகப் படிக்க மாட்டேன்.

தானே ஒரு கட்டில் செய்யப்போவதாக அப்பா சொன்னது அந்த நாட்களில்தான். அதுவரை அவர் சுவரில் ஆணி அடித்தால்கூட அம்மாதான் எடுத்துவிட்டு மறுபடி அடிப்பாள். தாம்பரத்தில் இடித்த வீடுகளின் மரத்தை விற்கிற கடைக்கு ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிப்போனார். பழைய ஜன்னல் நிலைகளையும் உத்தரங்களையும் புரட்டிப் பார்த்து, கால்களுக்கு நான்கு வேங்கைக் கட்டைகளைப் பொறுக்கினார். அளவைச் சொன்னதும் கடைக்காரர் டேப்பைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னா சார், கட்டில் காலுக்கு இம்மாம் நீளம்? யானை கீனை வளர்க்குறியா?"

"இல்லப்பா, கொஞ்சம் உயரமா வேணும்."

"கொஞ்சமா இது? ஏறணும்னா ஏணி வெக்கணும்."

"ஏணிக்கும் சேர்த்துத்தான் கேக்குறேன்" என்றார் அப்பா.

கார் நிறுத்தக் கட்டிய இடம்தான் பட்டறை. எங்களிடம் கார் இருந்ததில்லை. இரும்பு துருப்பிடிக்கும், அதனால் ஆணியே கூடாது என்பது அவர் வைத்துக்கொண்ட சட்டம். ஒரு மரத்தின் நுனியை நாக்கு மாதிரிச் செதுக்கி, இன்னொரு மரத்தில் அதே அளவுக்குப் பொந்து தோண்டி, இரண்டையும் கோத்து, குறுக்கே மரமுளை அடித்து இறுக்க வேண்டும். போனில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டே அதைச் செய்துகாட்டுவார். அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் பொந்து பெரிதாகிப்போய், நாக்கு உள்ளே ஆடியது. அடுத்ததை இறுக்கமாக வைத்து சுத்தியலால் தட்டினார், மரம் பிளந்துகொண்டது. அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வேறொரு கட்டையை எடுத்தார்.

போகப்போகக் கை படிந்தது. பென்சில் கோடு தடிமன், அதனால் கத்தி முனையால் கீற வேண்டும் என்று கண்டுகொண்டார். ரம்பத்தைக் கோட்டுக்கு வெளியே ஓட்டிவிட்டு, மிச்சத்தை உளியால் காகிதம் மாதிரிச் சீவிச்சீவி எடுப்பார். சரியாக அமைந்த பொருத்து, உள்ளங்கையால் தட்டினாலே மெதுவாக உள்ளே இறங்கும். அப்போது மட்டும் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். மற்றபடி நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. அவர் இழைத்துக்கொண்டே இருப்பார். நான் மரச்சுருள்களைக் காதில் மாட்டிக்கொண்டு, பார்க்க ஆளில்லாமல் கழற்றிப் போடுவேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலம்பாக்கம் போவோம். அப்பா தூக்கினால் தம்பி வீறிட்டு அழுவான். "வேத்து முகம் பார்க்குறான்" என்று பெரியம்மா அவனை வாங்கிக்கொள்வாள். அப்பா சிரித்துவிட்டு, கையில் மரத்தூள் ஒட்டியிருக்கிறது என்று கழுவப் போவார். கையில் ஒன்றும் இருக்காது.

சித்திரை பிறப்பதற்குள் கட்டில் முடிந்துவிட்டது. அம்மா தம்பியோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். அறைக்குள் வந்தவள் அப்படியே நின்றாள். படுக்கும் பலகை அவள் நெஞ்சுவரை வந்தது. பக்கவாட்டில் ஏணி. நான் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"ஏங்க இவ்ளோ உயரம்?"

அப்பா சுவரைக் காட்டினார். தண்ணீர் நின்ற பழுப்புக் கோடு, வெள்ளையடித்த பிறகும் லேசாகத் தெரிந்தது. "அதுக்கு மேல ஒரு ஜாண் விட்டிருக்கேன். இனிமே எவ்ளோ தண்ணி வந்தாலும் நீங்க மேல இருந்துக்கலாம்."

"பையன் உருண்டு விழுந்தா?"

"சுத்தி சட்டம் வச்சிடலாம்."

"சரி. கீழ தண்ணி நிக்குது, நான் ரெண்டு பிள்ளைங்களோட மேல உக்காந்திருக்கேன். அப்புறம்?"

அப்பா ஏணியின் கீழ்ப்படியை அழுத்திப் பார்த்தார்.

"அப்புறம் நான் யாருக்குப் போன் பண்றது? சொல்லுங்க."

சண்டை போடுகிற குரலே இல்லை. பஸ் எப்போது வரும் என்று விசாரிப்பதுபோலத்தான் கேட்டாள். அப்பா குனிந்து தரையில் கிடந்த மரச்சுருள்களைப் பொறுக்க ஆரம்பித்தார். "அம்மா, மேல வாயேன், காத்து ஜில்லுனு வருது" என்றேன் நான். அவள் ஏறவில்லை. காலும் சட்டமும் சேருகிற இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"நல்லா இழைச்சிருக்கீங்க" என்றாள். பிறகு ரசம் வைத்தாள். சாப்பிட்டோம். வெயில் தாழ்ந்ததும் தம்பியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அப்பா முடிச்சூர் வீட்டைப் பூட்டிவிட்டு, பெரியம்மா வீட்டுக்கு அடுத்த தெருவில் மூன்றாம் மாடியில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்தார். ஆணி இல்லாத கட்டில் என்பதால் முளைகளைத் தட்டிவிட்டதும் துண்டு துண்டாகக் கழன்று படியேறிவிட்டது. கோத்து நிறுத்திய பிறகுதான் தெரிந்தது, அதன்மேல் எழுந்து நின்றால் மின்விசிறி தலையில் இடிக்கும்.

அப்பா கட்டிலின் கால்களை அறுக்க உட்கார்ந்தார். கட்டிலைச் சாய்த்துப் போட்டு, ஒவ்வொரு காலிலும் கத்தியால் கோடு கீறி, அவசரமே இல்லாமல் அறுத்தார். அறுத்த கட்டைகள் ஒவ்வொன்றும் என் இடுப்பு உயரம் இருந்தன. தம்பி அவற்றில் ஒன்றை உருட்டிக்கொண்டு தவழ்ந்தான். பிறகு அப்பா கட்டிலை நிமிர்த்தி வைத்தார். எல்லா வீட்டுக் கட்டிலையும் போலத் தாழ்வாக, சாதாரணமாக இருந்தது.

"உக்காந்து பாரு" என்றார் அம்மாவிடம். "ஆடுதா?"

அம்மா உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் கையை ஊன்றி அசைத்துப் பார்த்தாள். "ஆடல" என்றாள். அந்தக் கட்டிலில் அவள் முதன்முதலாக உட்கார்ந்தது அப்போதுதான். தம்பியைத் தூக்கிப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

அப்பா ரம்பத்தைக் கீழே வைக்காமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அளவில் செய்த தப்பைச் சரிசெய்துவிட்டார், யாராவது பாராட்ட வேண்டும் என்று காத்திருக்கிறார் என்றுதான் எனக்கு அப்போது பட்டது. அம்மா எதுவும் சொல்லவில்லையே என்று, நான் பலமாகக் கைதட்டினேன்.