மாதா ஓவியமும் என் ஆள்காட்டி விரலும்

எனக்கு எதையும் தொடாமல் பார்க்கத் தெரியாது. ஐம்பது வயதாகியும் அந்தப் புத்தி வரவில்லை.

அமெரிக்காவில் கேட்டி என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு படம் ஒட்டியிருக்கிறது. துருக்கியில் பாறையைக் குடைந்து உருவாக்கிய பழைய தேவாலயம். சுவரெல்லாம் பல நூற்றாண்டுக்கு முந்தைய ஓவியங்கள். பால் எடுக்கும்போதெல்லாம் என் மனைவி ஸ்டெல்லா அதன்முன் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போவாள். கிரீன் கார்டு வரும்வரை அவளால் வெளிநாடு போக முடியாது. எனக்கு முன்பே கார்டு வந்துவிட்டதால் அந்தச் சிக்கல் இல்லை. ஆபீஸ் வேலையாகத் துருக்கிக்கே பயணமும் வந்தது.

"எனக்கும் சேர்த்து மாதாவைப் பார்த்துட்டு வாங்க" என்றாள்.

அந்தத் தேவாலயத்துக்குள் போட்டோ எடுக்கத் தடை. நீலம் மங்காத மாதாவின் முன் நின்றதும் ஸ்டெல்லாவின் நினைவு வந்துவிட்டது. நம் ஊர்ப் பழக்கம், கை தானாகப் போய்ப் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. காவலர் போட்ட சத்தத்தில் குகையே அதிர்ந்தது. போலீஸ், ஜெயில், போகப்போகும் வேலை எல்லாம் கண்முன் வந்தன. நல்லவேளை, ஓவியத்துக்குச் சேதமில்லை. திட்டி வெளியே அனுப்பிவிட்டார்.

இப்போதெல்லாம் மியூசியம் என்றால் என் இரண்டு கையும் பேன்ட் பாக்கெட்டில்தான்.

வீடு திரும்பியதும், "அந்த நீலம் எப்படிங்க இருந்தது?" என்றாள். மாதாவைத் தொட்டு மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லி, அந்த விரலை நீட்டினேன். அதைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை.

"கார்டு வரட்டும்மா, சேர்ந்தே போவோம்" என்றேன்.

"நீங்க வெளியிலயே நில்லுங்க."