வாய் வைக்காத டம்ளர்

ஹேமாவதி திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும். குழந்தை கோகிலவாணிக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் பெரிதாக அலட்டிக்கொண்டிருக்க மாட்டாள். பிறந்து ஆறு மாதமும் நான்கு நாளும் ஆன அவளுக்கு உலகத்தில் பால் கிடைக்கிற இடம் ஒன்றுதான். அது எங்கே போய்விடப் போகிறது என்று அவள் நிம்மதியாக இருந்தாள். நிம்மதி இல்லாதது அந்த வீட்டில் மற்ற மூன்று பேருக்கு.

ஹேமாவதி குரோம்பேட்டையில் ஒரு பொறியியல் கல்லூரியில் கெமிஸ்ட்ரி லேப் அசிஸ்டென்ட். முதல் வருடப் பிள்ளைகள் உடைத்துவிட்டு ஒளித்துவைக்கிற பிப்பெட்டுகளைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரி என்று பெயர். பிரசவத்துக்குக் கொடுத்த ஆறு மாத லீவு முடிந்துவிட்டது. இன்னும் ஒரு மாதம் கிடைக்குமா என்று கேட்டதற்கு, செமஸ்டர் தொடங்குகிறது, திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளைப் போட வேண்டியிருக்கும் என்று மரியாதையாகச் சொன்னார்கள். மரியாதையாகச் சொன்னாலும் போகிற வேலை போகத்தான் செய்யும். அவள் கணவன் குமரேசனுக்கு ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேலை உண்டா இல்லையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே அந்த வீட்டில் நிலையான வேலை என்றால் அவளுடையதுதான்.

வீடு திருநீர்மலையில். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் குமரேசனின் அப்பா துளசிங்கம். வயது அறுபத்தாறு. தாம்பரம் சானடோரியத்தில் காசநோய் ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருடம் வார்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி செல்லியம்மாள் இறந்து எட்டு வருடம் ஆகிறது. குழந்தைக்குத் துணி மாற்றுவார், தூளியில் போட்டு ஆட்டுவார், தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போய் வருவார். ஒரு குறையும் சொல்ல முடியாது. பால் மட்டும் அவரிடம் இல்லை.

எடை பார்க்கப் போனபோது சுகாதார நிலையத்தில் நர்ஸ் அபிகாயிலிடம் ஹேமாவதி கேட்டாள்.

“பாட்டில் வேணாங்க,” என்றார் அபிகாயில். “அத ஒழுங்கா கழுவி வைக்கிறதுக்கே ஒரு ஆள் வேணும். உங்க பாலையே எடுத்து வச்சிட்டுப் போங்க. சின்ன ஸ்டீல் டம்ளர் போதும். நிமிர்த்தி உக்கார வச்சு, விளிம்ப கீழ் உதட்டுல வையுங்க. பால் உதட்டத் தொட்டா போதும். ஊத்தாதீங்க, அதுவா உறிஞ்சும்.”

“அதுவா உறிஞ்சுமா சிஸ்டர்?”

“உறிஞ்சும். நாலு நாள் பழகணும், அவ்ளோதான்.”

நாலு நாள் என்றால் எத்தனை நாள் என்பது நம் ஊரில் சொன்னவருக்கே தெரியாது. ஹேமாவதியிடம் இருந்தது ஒன்பது நாள்.

முதல் நாள் அவளே முயன்றாள். அரை மணி நேரம் கையால் எடுத்த பால், அரை டம்ளர்கூட இல்லை. குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து விளிம்பை உதட்டில் வைத்தாள். கோகிலவாணி டம்ளரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், டம்ளரை ஒரு தட்டுத் தட்டிவிட்டு நைட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பால் தரையில் ஓடியது. துடைத்தெடுத்த துணியை அலச ஹேமாவதிக்கு மனம் வரவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அழுகைகூட வரவில்லை, அவ்வளவு அலுப்பு. இரவில் மூன்று தடவை எழுந்திருக்கிறவளுக்கு அழுவதற்கும் தெம்பு வேண்டுமே.

அபிகாயிலுக்குப் போன் செய்தாள். “நீங்க பக்கத்துல இருந்தா அது எதுக்கு டம்ளர்ல குடிக்கும்?” என்றார் அவர். “யாரு பாத்துக்கப் போறாங்களோ அவங்க குடுக்கணும். நீங்க கண்ணுல படக் கூடாது.”

அப்படித்தான் மறுநாளிலிருந்து பொறுப்பு துளசிங்கத்தின் கைக்கு வந்தது. ஹேமாவதி வெளியே மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். அவர் பீரோவிலிருந்து குமரேசனுக்கு வாங்கிய பழைய வெள்ளிச் சங்கைத் தேடி எடுத்துவந்து, குழந்தையைக் காலில் படுக்கப்போட்டு, கன்னத்தைப் பிடித்து, அந்தக் காலத்து முறைப்படி தொண்டைக்குள் ஊற்றினார். குழந்தைக்குப் புரை ஏறியது. மூக்கு வழியாகப் பால் வந்தது. இருமிய சத்தத்தில் ஹேமாவதி ஓடிவந்து பிடுங்காத குறையாகக் குழந்தையை வாங்கினாள்.

“ஊத்தக் கூடாதுன்னு சிஸ்டர் சொன்னாங்கல்ல மாமா. மூச்சுக்குழாய்ல போச்சுன்னா என்ன பண்றது?”

“அல்லாருக்கும் இப்டிதாம்மா ஊத்தனோம். உம் புருசன் இன்னா செத்தா பூட்டான்?”

சொன்னாரே தவிர, சங்கைக் கழுவி பீரோவிலேயே வைத்துவிட்டார். முப்பத்தோரு வருடம் ஆஸ்பத்திரியில் இருந்தவர், சிஸ்டர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. மறுநாள் அவராகவே சின்ன டம்ளரை எடுத்தார். நிமிர்த்தி உட்கார வைத்தார். விளிம்பைக் கீழ் உதட்டில் வைத்தார். சொன்னது எதையும் தவறவிடவில்லை.

கோகிலவாணியும் மறுக்கவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, கூரையைப் பார்த்து, வாயை அகலத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். உதடு விளிம்பில் மூடவேயில்லை. டம்ளரைச் சாய்த்தால் பால் இரண்டு கடைவாயிலும் வழிந்து கழுத்து மடிப்புக்குள் போனது. சாய்க்காவிட்டால் அவள் கோபத்தில் கத்தினாள். அன்றும் அப்படித்தான், மறுநாளும் அப்படித்தான். ஐந்து நாள் ஓடிற்று. கேழ்வரகுக் கஞ்சியை இரண்டு ஸ்பூன் வாங்கி மூன்றாவதைத் துப்பினாள். பேஜாராகிப்போன குமரேசன் ஷிப்ட் முடிந்து வரும்போது ஒரு பாட்டில் வாங்கிவந்தான். அதன் ரப்பரைக் கடித்துப் பார்த்துவிட்டு அவள் அழுதாள். வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. பேசினால் அது பால் பற்றித்தான் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஹேமாவதி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியாக உள்ளே தெரிந்தது. துளசிங்கம் குழந்தையை ஒரு தொடையில் வைத்துக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருந்தார். அவர் டம்ளரைத் தூக்கினார், தலையைப் பின்னால் சாய்த்தார், வாயைத் திறந்தார், ஒரு சாண் உயரத்திலிருந்து காபி நூலாக இறங்கியது. தொடையிலிருந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த கோகிலவாணியும் தலையைப் பின்னால் சாய்த்தாள். வாயைத் திறந்தாள்.

ஹேமாவதி எழுந்து நின்றுவிட்டாள். குழந்தைக்குக் குடிக்கத் தெரியவில்லை என்று ஒரு வாரமாகப் புலம்பியது வீண். இந்த வீட்டில் எப்படிக் குடிப்பார்களோ அதை அவள் ஒழுங்காகக் கற்றுக்கொண்டிருந்தாள். மாமா அண்ணாந்து குடிப்பார். குமரேசன் தண்ணீர் பாட்டிலைக்கூட வாயில் படாமல் தூக்கித்தான் ஊற்றிக்கொள்வான். ஹேமாவதியும் இந்த மூன்று வருடமாக அப்படித்தான். டம்ளரில் உதடு படுவதைக் கோகிலவாணி பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

ஹேமாவதி பிறந்த வீட்டில் வாய் வைத்துக் குடிப்பார்கள். கல்யாணமாகி வந்த முதல் வாரம் அவள் காபியை வழக்கம்போல உறிஞ்சிக் குடித்தாள். துளசிங்கம் அவள் வைத்த டம்ளரை எடுத்துப்போய் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதில் போட்டுக் கொதிக்க வைத்தார். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என்னை என்னவென்று நினைத்துக்கொண்டார் என்று மூன்று நாள் அவரோடு பேசவில்லை. குமரேசன்தான் பிறகு விஷயத்தைச் சொன்னான். அவருடன் வார்டில் வேலை பார்த்த சத்தியநாதன் என்பவருக்கு அந்தக் காசநோயே வந்து, அதே வார்டில் படுத்து, பிழைக்கவில்லை. யாருடைய டம்ளரிலோ டீ குடித்ததால் வந்தது என்று துளசிங்கம் நம்பினார். டம்ளரால் அது பரவாது என்று டாக்டர்கள் அவரிடமே பல தடவை சொல்லியிருக்கிறார்கள். தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். வீட்டுக்கு வந்து அண்ணாந்துதான் குடிப்பார். மனைவியையும் மகனையும் அப்படியே பழக்கினார். ஹேமாவதியும் நாலைந்து புடவையில் காபியைக் கொட்டிக்கொண்டு பழகிவிட்டாள்.

அப்படிப்பட்டவரிடம் போய் என்னவென்று கேட்பது? அவளே குழந்தை முன்னால் உட்கார்ந்து வாய் வைத்துக் குடித்துக் காட்டினாள். அவளைப் பார்த்ததும் கோகிலவாணிக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை, நைட்டியைப் பிடித்து இழுத்தாள். குமரேசனைக் குடித்துக் காட்டச் சொல்லலாம் என்றால் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் டியூட்டி. வேறு வழியில்லாமல் ஞாயிறு சாயங்காலம், தூளி ஆட்டிக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றாள்.

“மாமா, அவ உங்களப் பாத்துதான் அப்படி அண்ணாந்துக்கிறா.”

“இன்னாது?”

“நீங்க குடிக்கிற மாதிரியே. நான் பாத்தேன். டம்ளர்ல வாய் வைக்கிறது எப்படின்னு அவளுக்குத் தெரியல.” அதற்கு மேல் சொல்லத் தயக்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னாள். “அவ முன்னாடி நீங்க ஒரே ஒரு தடவ வாய் வச்சுக் குடிச்சுக் காட்டுனா…”

துளசிங்கம் தூளிக் கயிற்றை விட்டார். அவளை ஒரு பார்வை பார்த்தார்.

“முப்பத்தோரு வருசம்மா,” என்றார். அவ்வளவுதான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கேட்டிருக்கக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. கேட்காமல் வேறு என்ன செய்வது என்றும் தோன்றியது. இரண்டையும் யோசித்து முடிக்க முடியாமல் தூளிக்குக் கீழேயே படுத்துத் தூங்கிப்போனாள்.

திங்கட்கிழமை காலை மூன்று சின்ன டப்பாக்களில் பாலை எடுத்து பிரிட்ஜில் வைத்தாள். சுடுதண்ணீர்க் கிண்ணத்தில் டப்பாவை வைத்துத்தான் சூடாக்க வேண்டும், அடுப்பில் வைக்கக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னாள். அவருக்கு வழக்கமான காபியை பிளாஸ்கில் ஊற்றிவைத்தாள். துளசிங்கம் எல்லாவற்றுக்கும் “செரி, செரி” என்றார். குழந்தையிடம் சொல்லிக்கொண்டு போனால் அழும் என்று சொல்லாமலே கிளம்பி ஷேர் ஆட்டோவில் ஏறினாள். ஆட்டோவில் யாருடைய குழந்தையோ அழுதது. அவள் மார்பில் பால் கசிந்தது. கைப்பையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

பதினோரு மணிக்குப் போன் செய்தாள். மணி அடித்து ஓய்ந்தது. ஒரு மணிக்குச் செய்தாள். “தூங்கினுகீது” என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். குடித்துவிட்டுத் தூங்குகிறாளா, அழுது ஓய்ந்து தூங்குகிறாளா என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது. கட்டிப்போன பாலைக் கல்லூரிக் கழிவறையில் நின்றுகொண்டு வாஷ்பேசினில் பிழிந்துவிட்டாள். அங்கே பசியோடு ஒருத்தி, இங்கே கொட்டிக்கொண்டு நிற்கிற நான் என்று நினைத்தபோது ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. நாளைக்கும் குடிக்காவிட்டால் வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். பத்து வருட வேலை. லேப் கோட்டின் முன்பக்கம் நனைந்திருந்தது. அமிலம் கொட்டிவிட்டதா மேடம் என்று ஒரு மாணவன் அக்கறையாகக் கேட்டான். ஆமாம் என்று சொல்லிவைத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது ஐந்தரை மணி. அழுகைச் சத்தம் இல்லை. அதுவே பயமாக இருந்தது. நேராகக் கை கழுவச் சமையலறைக்குப் போனாள். அடுப்பில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே கோகிலவாணியின் சின்ன டம்ளர் கிடந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு டம்ளர். துளசிங்கத்தின் காபி டம்ளர்.

மூன்று வருடத்துக்கு முன்னால் தன் டம்ளர் கொதித்ததைப் பார்த்துக்கொண்டு நின்ற அதே இடத்தில் ஹேமாவதி நின்றாள். பிரிட்ஜைத் திறந்து பார்த்தாள். மூன்று டப்பாவில் ஒன்றுகூட இல்லை. மூன்றும் கழுவிக் கவிழ்த்து மேடையில் இருந்தன.

கூடத்தில் துளசிங்கம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் கோகிலவாணி துண்டின் நுனியைச் சப்பிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டினாள். ஹேமாவதி வாங்கிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“குடிச்சாளா மாமா?”

“மொத தபா கொஞ்சம் கீழ வுட்டுது. அப்பால ஒயுங்கா உறிஞ்சிச்சி. மூணு வாட்டியும் நான் ஒரு வாய் குடிச்சி காமிச்சாதான் அதுவும் குடிக்கும்.” அவர் குழந்தையைப் பார்த்துத்தான் பேசினார். “அதுக்கோசரம் மூணு காபி குட்ச்சேன்.”

நன்றி என்று சொன்னால் அவர் எழுந்து போய்விடுவார். அப்போதுதான் பார்த்தாள். அவருடைய கீழ் உதடு சிவந்து தடித்திருந்தது.

“நாளிக்கி காபிய நல்லா ஆத்தி வச்சிட்டுப் போம்மா,” என்றார் துளசிங்கம். “வாய் வச்சா டம்ளரு இன்னா சூடு சுடுது.”