செருப்பைக் கழற்றிவிட்டு ஏறும் கார்

காலிதீன் கார் விற்கும் வளவுக்குள் வந்ததும் நூஹு முதலில் செருப்பைக் கழற்றுகிறார். கதவடியில் இரண்டையும் சேர்த்து வைத்து, சாரனை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, சிவப்புக் காருக்குள் முதுகை முதலில் கொடுத்து இறங்குகிறார். இறங்குகிறார் என்பதுதான் சரி. சம்மாந்துறை வயல்களில் டிராக்டர் மேல் ஏறியே பழகிய உடம்பு. ஸ்போர்ட்ஸ் காரோ தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கிறது. போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, ஒரு சுற்று ஓடிப் பார்க்கிறேன் என்று கல்முனைக் கடற்கரை வீதிக்குப் போனார். செருப்பு வளவிலேயே கிடந்தது. காலிதீன் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறான்.

வளவில் அப்படிப்பட்ட கார்கள் இரண்டு நிற்கின்றன. எதை வாங்குவது என்றுதான் நூஹுவுக்கு முடிவு வரவில்லை. சிவப்பு, பல கை மாறிய பழசு. லைட்டைப் போட்டால் மூடி திறந்து முன்விளக்குகள் கண்போல எழும்பும். அதிலும் இடது கண் சற்றுப் பிந்தித்தான் எழும்பும். சாம்பல் நிறத்தது கிட்டடியில் வந்த புதுசு. பெல்ட் போடாவிட்டால் கத்தும், வீதிக் கோட்டைத் தாண்டினால் கத்தும்.

“ஊட்டயும் ஏச்சு, காருக்குள்ளயும் ஏச்சா மச்சான்?” என்று நூஹு அதிலிருந்து இறங்கிவிடுவார். சிவப்பில் போய் உட்கார்ந்தால், இதற்கு உதிரிச் சாமான் எங்கே தேடுவது என்ற கவலை பிடித்துக்கொள்ளும். மறுபடி சாம்பல். காருக்குக் கார் செருப்பும் கூடவே போகும். டிராக்டருக்குச் செய்வதுபோல இரண்டின் புகையையும் உள்ளங்கையில் பிடித்து முகர்ந்தும் பார்த்தாயிற்று. இரண்டும் அவருக்கு மணக்கத்தான் செய்தன.

உண்மையில் அவருக்குப் பயம். வயல் பங்காக வந்தது. டிராக்டர் வாப்பா எடுத்துக் கொடுத்தது. பெண்ணைக்கூட உம்மாதான் பார்த்தார். “நானாப் பாத்து எடுத்த சாமான் ஒண்டுமில்ல காலிதீன். இதுவும் பிழையாப் போனா என்ன செய்யிற?” என்று ஒருநாள் மெல்லிய குரலில் சொன்னார். அன்று மட்டும் காலிதீன் சிரிக்கவில்லை.

இன்று மனைவி அஸ்னாவும் கூட வந்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவர், இரண்டு வகுப்பை ஒரே பார்வையில் அடக்குவார். ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. நூஹு மாப்பிள்ளையாகப் போய்ச் சேர்ந்தவர். ஆகவே வீட்டு வாசல் கேட்டும் அஸ்னாவுடையதுதான். இன்றைக்குள் ஒரு முடிவு வராவிட்டால் அந்தக் கேட்டுக்குள் கார்ப் பேச்சே வரக்கூடாது என்று காலையிலேயே சொல்லிவிட்டார்.

நூஹு கார்களைப் பூட்டித் திறக்கும் திறப்புகள் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு காரின் நல்லது கெட்டதையும் காலிதீனுக்கு முதலிலிருந்து விளக்கத் தொடங்கினார். அஸ்னா கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு அபாயாவை ஒதுக்கிக்கொண்டு சிவப்புக் காரின் ஓட்டுநர் பக்கம் இறங்கி உட்கார்ந்து, எதையோ திருகினார். வலது கண் எழும்பியது. ஒரு மூச்சு விட்டு இடது கண்ணும் எழும்பியது. அஸ்னா வாய்விட்டுச் சிரித்தார்.

அவர் எழும்ப முடியாமல் மாட்டிக்கொண்டார் என்று நினைத்து நூஹு ஓடிப்போய்க் கையை நீட்டினார். “கையத் தாங்க, தூக்கி உடுறன்.”

அஸ்னா அந்தக் கையை ஒதுக்கிவிட்டுத் தன் உள்ளங்கையை விரித்தார். “கை வேணாம். திறப்பத் தாங்க.”

நூஹு சாம்பல் காரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சிவப்பின் திறப்பைக் கொடுத்துவிட்டு, காரைச் சுற்றிப் போய் இடப்பக்கக் கதவடியில் செருப்பைக் கழற்றினார்.