உடையாத கேரவன்

கேரவனின் பின்மூலையில் கன்னத்தை ஒட்டவைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார் ரெஜ் ஆக்ராய்டு. சுவருக்குள் ஈரம் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கிறாராம். அப்புறம் மோந்தும் பார்ப்பார். வண்டியை சர்வீஸுக்கு உள்ளே தள்ள வேண்டிய மெக்கானிக் டேமியன், பெரியவர் முடிக்கட்டும் என்று ஈரம் அளக்கும் கருவியோடு காத்திருப்பான்.

"ஒரு பிசுபிசுப்பு தெரியுது தம்பி," என்பார் ரெஜ், நம்பிக்கையோடு.

ரெஜ் கீத்லி நகரில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கிடைத்த பணத்தில் பாதியைப் போட்டு, காருக்குப் பின்னால் இழுத்துப் போய், போன இடத்தில் உள்ளேயே தங்கிக்கொள்கிற இந்தக் கேரவனை வாங்கினார். கூரை ஒழுகினால் கம்பெனி பொறுப்பு. ஆனால் ஆண்டுதோறும் அவர்கள் சொன்ன இடத்தில், சொன்ன மாதத்தில் சர்வீஸ் செய்து முத்திரை வாங்க வேண்டும். ஒரு முத்திரை விட்டுப்போனால் வாரண்டி போச்சு. முத்திரைக்கு முந்நூறு பவுண்டுக்கு மேல் ஆகும். சக்கரத்தைக் கழற்றினால் பழைய நட்டை மாட்டக் கூடாது, புது நட்டுக்குத் தனிக்காசு. டயர், துரு, கதவுப்பிடி எதுவும் வாரண்டியில் வராது.

"நான் முட்டாள்தான் கண்ணு. ஆனா வருஷா வருஷம் முத்திரை குத்தி வாங்கின முட்டாள்," என்பார் என்னிடம்.

அவரைப் பார்த்து நான் தாராளமாகச் சிரிக்கலாம். சிரிக்க வசதியாக எதிரேதான் உட்கார்ந்திருக்கிறேன், ஏனென்றால் என் கேரவனும் உள்ளே ஜாக்கியில் நிற்கிறது. போன ஆண்டு அது போய்வந்த ஒரே ஊர் இந்த சர்வீஸ் முற்றம். என் மனைவி என்னோடு வருவதில்லை. கேட்பவர்களிடம், "அவரு சுற்றுலா போயிருக்காரு," என்று சொல்லிவிடுகிறாள்.

ஆக்ராய்டு தம்பதி இதைச் சுற்றுலாவாகவே நடத்துகிறார்கள். முற்றத்து வேலியில் காற்றுத் தடுப்புத் துணியைக் கட்டி, இரண்டு மடக்கு நாற்காலி விரிப்பார் ரெஜ். பிளாஸ்க் டீ, பன்றிக்கறி பப்ஸ், வினிகரில் ஊறிய வெங்காயம். மழை தூறினாலும் அவர் மனைவி மேவிஸ் தலையில் வெயில் தொப்பி இருக்கும். அவர் பைக்குள் நீச்சலுடையும் இருக்கும். கேரவன் வாங்கிய நாளிலிருந்து ஃபைலி கடற்கரைக்குப் போகலாம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். உப்புக்காற்று பட்டால் துரு, மணல் புகுந்தால் தரையில் கீறல் என்று ரெஜ் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். இருக்கைகளின் பாலித்தீன் உறையைக்கூட இன்னும் கழற்றவில்லை.

"என் முட்டிக்கு யாரும் வாரண்டி குடுக்கல ரெஜ்," என்றார் மேவிஸ் இந்த ஆண்டு, முட்டியைத் தேய்த்துக்கொண்டே. "அடுத்த வருஷம் தண்ணில எறங்க முடியுமோ என்னவோ."

ரெஜ்ஜோ, டேமியன் வருகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டேமியன் வந்தான். "ஈரமே இல்ல மிஸ்டர் ஆக்ராய்டு. புதுசு மாதிரி இருக்கு."

"பின்மூலை?"

"சுக்கா காஞ்சு கிடக்கு."

ரெஜ்ஜின் முகம் தொங்கிவிட்டது. இத்தனை ஆண்டு கட்டிய பணத்துக்கு ஒரு சொட்டுகூட ஒழுகவில்லையே என்ற வருத்தம். அடுத்து டேமியன் என் பக்கம் திரும்பி, உங்களுடையதிலும் ஒரு குறையும் இல்லை என்றான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எனக்கும் ஏமாற்றமாகவே இருந்தது.

மேவிஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிதானமாகச் சொன்னார்: "இதான் கடைசி முத்திரை. வாரண்டி இன்னும் ஒரு வருஷந்தான். அதுக்குள்ள ஏதாச்சும் உடைஞ்சாத்தான் உன் காசுக்கு பலன். வீட்டு வாசல்ல நிக்கிற வண்டில என்ன ரெஜ் உடையும்?"

ரெஜ் பப்ஸைக் கடித்து, மென்று, விழுங்கினார். அந்த யோசனை அவருக்கு இதுவரை வந்ததே இல்லை. எனக்கும்தான்.

"ஃபைலி ரோடு குண்டும் குழியுமா இருக்கும்ல?" என்று கேட்டார்.

"ரொம்ப மோசம்," என்றார் மேவிஸ். "கூரையே பிச்சுக்கிட்டாலும் பிச்சுக்கும்."

கிளம்பும்போது அவர்கள் முன்னால், நான் பின்னால். வெளியே ஒரு ரவுண்டானா. இடப்பக்கம் திரும்பினால் எங்கள் ஊர், நேரே போனால் கடல். ரெஜ் இடப்பக்க விளக்கைப் போட்டார், அணைத்தார், கேரவனை இழுத்துக்கொண்டு முழுச்சுற்று வந்தார். நான் ஒதுங்கி நின்றேன். இன்னொரு சுற்று வந்தார். பின்னால் ஒரு பால் லாரி ஹாரன் அடித்தது. மூன்றாவது சுற்றில் கேரவன் ஒருமுறை குலுங்கி, கடல் சாலையில் இறங்கியது. சன்னல் வழியாக மேவிஸின் கை வெளியே நீண்டு, நீயும் வா என்று என்னை அழைத்தது.

என் வாரண்டிக்கு இன்னும் இரண்டு முத்திரை பாக்கி இருக்கிறது. நான் இடப்பக்க விளக்கைப் போட்டேன்.